சும்மா இருக்க வேண்டிய கால்

நவம்பர் 27, திங்கள்

ஆறாவது ஆள் கிடைத்துவிட்டார். கிடைத்தார் என்பதைவிடக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்தேன் என்பதுதான் சரி. பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சோலைமலை. நாற்பதைத் தாண்டியவர். காலையில் கடை திறந்து ஸ்டூலில் உட்கார்ந்தால் சாத்தும்போதுதான் எழுந்திருப்பார். டீகூட இருந்த இடத்துக்கே வரும். எனக்கு வேண்டியது இப்படி உடம்பை அசைக்காத ஆள்தான்.

இதற்குமுன் எட்டுப் பேரைப் பிடித்தேன். மூன்று பேர் ஓடிவிட்டார்கள். ஒருவர் ஊசியைப் பார்த்ததுமே எழுந்து போனார். ஒருவருக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. இன்னொருவர் காரணமே சொல்லாமல் போனை அணைத்துவைத்துவிட்டார். ஐந்து பேர் ஒழுங்காக முடித்தார்கள். ஆறு பேர் இல்லாமல் ஆய்வேட்டைத் தொடக்கூட மாட்டோம் என்கிறது கமிட்டி. பிப்ரவரிக்குள் முடிக்காவிட்டால் என் பதிவு காலாவதி. நாலு வருஷ உழைப்பு ஒரு மனிதரின் தொடையை நம்பி நிற்கிறது.

செய்யவேண்டியது இவ்வளவுதான். ஆறு வாரம் வலது காலால் மட்டும் சைக்கிள் மிதிக்க வேண்டும். இடது கால் பக்கத்து முக்காலியில் சும்மா இருக்க வேண்டும். ஆரம்பத்திலும் முடிவிலும் இரண்டு தொடையிலிருந்தும் ஒரு அரிசி அளவு தசையை ஊசி வைத்து எடுப்போம். மிதித்த காலுக்குள் என்ன மாறியிருக்கிறது, சும்மா இருந்த கால் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.

"ஒத்தக் காலுக்கு மட்டும் பயிற்சி குடுத்தா இன்னொரு கால் கோவிச்சுக்காதா மேடம்?" என்றார் சோலைமலை.

"அதுக்கு ஒண்ணுமே தெரியாது. அதைத்தான் நிரூபிக்கப் போறேன்."

இது முடியும்வரை ஜிம், ஓட்டம், விளையாட்டு, எந்த உடற்பயிற்சியும் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "அதெல்லாம் நமக்கு எதுக்கு மேடம்" என்று சிரித்தார். டாக்டர் ஹாஜிரா வந்து முதல் மாதிரியை எடுத்துக் கொடுத்தார். சோலைமலை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். ஓடிப்போகவில்லை, அதுவரை நிம்மதி.

டிசம்பர் 3, ஞாயிறு

என் கணவர் கதிரேசன் போன் செய்தார். ஓசூரில் அவர் கட்டும் வீட்டுக்குப் பூச்சு வேலை முடிந்துவிட்டதாம். தை கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சிவிடலாம் என்கிறார். "அதுக்குள்ள முடிஞ்சிரும்ல மங்கை?" என்று கேட்டார். முடிந்துவிடும் என்றேன். பிறகு சாப்பிட்டாயா என்றார். சாப்பிட்டேன் என்றேன். மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பேசுவது இதுதான்.

டிசம்பர் 8, வெள்ளி

மிதிக்கும்போது வாயை மூடிக்கொண்டு மிதிக்க சோலைமலையால் முடியாது. "உள்ள என்னதான் மேடம் நடக்குது?" என்று இன்று பிடித்துக்கொண்டார்.

சொன்னேன். தசை சுருங்குவதற்கு ஏடிபி என்ற எரிபொருள் வேண்டும். மிதிக்க மிதிக்க அது செலவாகும். செலவானதன் மிச்சம் சேரச் சேர, ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்ளும். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் கால்சியம் வேறு வெளியே வந்து தூண்டும். இந்த இரண்டும் சேர்ந்து பிஜிசி என்ற புரதத்தைக் கிளப்பிவிடும். அது செல்லின் உட்கருவுக்குள் போய், மைட்டோகாண்ட்ரியா செய்வதற்கான மரபணுக்களை வேலையில் இறக்கும். மைட்டோகாண்ட்ரியாதான் எரிபொருள் தயாரிக்கும் இடம். சில வாரத்தில் அது பெருகிவிடும். அதன்பிறகு அதே மிதி அவ்வளவு களைப்புத் தராது.

"கடையில கூட்டம் ஜாஸ்தியானா இன்னொரு மெஷின் வாங்கிப் போடுறோம்ல, அது மாதிரி."

"அது மாதிரிதான். மிதிங்க."

"ரெண்டு காலுலயும் ஒரே ரத்தந்தான மேடம் ஓடுது? கொஞ்சமாச்சும் அங்கிட்டுப் போகாதா?"

போகாது என்றேன். எந்தத் தசை வேலை செய்ததோ அதுதான் மாறும், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் மற்றதற்கு ஒன்றும் கிடைக்காது என்றேன். "அநியாயமா இருக்கே" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதித்தார்.

டிசம்பர் 18, திங்கள்

மார்கழி பிறந்ததும் சோலைமலை காவி வேட்டியும் கழுத்தில் மாலையுமாக வந்து நிற்கிறார். முருகனுக்காம். அதைப் பற்றி எனக்கென்ன. ஆனால் முட்டையும் கறியும் கிடையாதாம். பயிற்சிக்கு நடுவில் சாப்பாட்டை மாற்றினால் என் கணக்கு என்ன ஆவது? பருப்பு, சுண்டல், பால் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, தினமும் சாப்பிட வேண்டும் என்று சத்தியம் வாங்கினேன். செருப்பும் போடக்கூடாதாம். வெறுங்காலோடு பெடலை மிதித்தால் வழுக்குகிறது. ரப்பர் உறை வாங்கி மாட்டினேன். ஆராய்ச்சி மாணவி என்று பெயர், செய்வதெல்லாம் சைக்கிள் கடை வேலை.

டிசம்பர் 24, ஞாயிறு

கதிரேசன் போன். எடுக்கவில்லை. ஆய்வகத்தில் புரதத்தைப் பிரிக்கும் ஜெல் ஓடிக்கொண்டிருந்தது.

ஜனவரி 2, செவ்வாய்

ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தபோது கதிரேசன் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை எடுக்காததால் இன்று. சோலைமலை எதிரிலேயே பேசவேண்டியதாகிவிட்டது. "ஆராய்ச்சி முடிஞ்சதும் வந்திருவேன், முடியாம எப்படி வர்றது, எத்தனை தடவை சொல்றது" என்று கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன்.

போனை வைத்ததும் சோலைமலை கேட்டார். "சாரு ஓசூர்லயா இருக்காரு? எம்புட்டு நாளா மேடம்?"

"மூணு வருஷம்."

"பாவம்."

"யாரு பாவம்?"

"ரெண்டு பேருந்தான் மேடம்." அவர் பக்கங்களை அடுக்க ஆரம்பித்தார். "இந்தப் படிப்பு முடிஞ்சிட்டா எல்லாம் சரியாப் போயிரும்ல?"

ஆமாம் என்றேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த இடத்தில் என் குடித்தனத்துக்கு ஆறுதல். எரிச்சலில் பாதிப் பக்கங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 10, புதன்

ஆறு வாரம் முடிந்தது. கணக்குப்படி இன்று இரண்டாவது மாதிரி எடுக்க வேண்டும். டாக்டர் ஹாஜிராகூட மதியம் வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாதிரியை உறையவைக்கும் திரவ நைட்ரஜன் குறைவாக இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் மின்சாரம் போய் ஃப்ரீசர் நின்றால் எல்லாம் பாழ். அதோடு, எட்டு வாரம் மிதித்தால் மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும். மாதக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம்.

சோலைமலைக்கு முகம் வாடிவிட்டது. "இன்னையோட முடிஞ்சிரும்னு சொன்னீங்களே மேடம்?" என்றார். இவருக்கு என்ன அவசரமோ தெரியவில்லை.

ஜனவரி 16, செவ்வாய்

பொங்கலுக்குக் கதிரேசன் வந்துவிட்டு இன்று காலை கிளம்பினார். வீட்டுத் தரைக்கு எந்தக் கல் போடலாம் என்று போனில் படம் படமாகக் காட்டினார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். உனக்கு எது பிடிக்கும் என்று மறுபடி கேட்டார். எது வேண்டுமானாலும் போடுங்கள் என்றேன். கரும்பை வெட்டித் துண்டுபோட்டு ஒரு டப்பாவில் எனக்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நல்ல மனிதர். யாரிடமும் அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் தொல்லை.

ஜனவரி 20, சனி

சோலைமலை குடியரசு தினம் வரை வரமாட்டாராம். பழனிக்குப் போகிறாராம். தைப்பூசம். பயிற்சி வேண்டிய அளவுக்கு ஆகிவிட்டது, நடுவில் சில நாள் விட்டால் பரவாயில்லை. பஸ்ஸில் கூட்டமாக இருக்கும், பார்த்துப் போங்கள் என்றேன். தலையை ஆட்டினார்.

திரும்பும்போது என் பஸ் அரை மணி நேரம் ஒரே இடத்தில் நின்றது. சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். காவியும் பச்சையுமாக, தலையில் மூட்டையோடு, வழி நெடுக அரோகரா போட்டுக்கொண்டு போகிறார்கள். வருஷா வருஷம் இதே கதைதான். ஒரு ஓரமாக நடந்தால் என்ன? கண்டக்டர் என்னைவிடக் கடுப்பில் இருந்தார்.

ஜனவரி 29, திங்கள்

ஒருவழியாக இரண்டாவது மாதிரியும் எடுத்தாகிவிட்டது. சோலைமலை மேஜையில் படுத்திருக்கும்போது பார்த்தேன், இரண்டு பாதத்திலும் கொப்புளம். மாலையைக் கழற்றியதும் புதுச் செருப்பு வாங்கியிருப்பார், கடித்திருக்கும். மருந்து போடுங்கள் என்று டாக்டர் ஹாஜிரா சொன்னார்.

"இனி முடிஞ்ச மாதிரிதான மேடம்?" என்று எழுந்து உட்கார்ந்ததும் கேட்டார் சோலைமலை. முகத்தில் அப்படியொரு சந்தோஷம். தன் தசையைத் தானம் கொடுத்துவிட்டு இவ்வளவு மகிழ்ச்சியடைந்த ஆளை நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

அடச்சே.

பிஜிசி புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் படத்தில் ஒரு கறுப்புப் பட்டையாகப் பார்க்கலாம். புரதம் கூடுதலாக இருந்தால் பட்டை அடர்த்தியாகத் தெரியும். மற்ற ஐந்து பேருக்கும் மிதித்த காலில் அடர்த்தி, சும்மா இருந்த காலில் வெளிறிய கோடு. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும். சோலைமலைக்கு இரண்டு காலிலும் அடர்த்தி. சும்மா இருந்த இடது கால் மிதித்த காலுக்குச் சரிக்குச் சரியாக நிற்கிறது. மைட்டோகாண்ட்ரியாவை அளந்தாலும் அதே கதை.

புரதத்தை அடையாளம் காட்டும் ஆன்டிபாடி கெட்டுப்போயிருக்கும். அந்தக் கம்பெனிக்காரனை நினைத்தால் வாயில் நல்ல வார்த்தை வரவில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

புது ஆன்டிபாடி. அதே இரண்டு பட்டைகள்.

குப்பியில் இடது வலது மாற்றி எழுதிவிட்டேனோ என்றுகூட யோசித்துவிட்டேன். மாற்றி எழுதியிருந்தாலும் ஒன்றாவது வெளிறியிருக்க வேண்டுமே. இந்த ஒரு ஆளைச் சேர்த்தால் முடிவு கவிழ்கிறது. விட்டுவிட்டால் ஐந்து பேர்தான். கதிரேசன் வேறு, பால் காய்ச்சுவதற்குப் பத்திரிகை அடிக்கட்டுமா என்று செய்தி அனுப்பியிருக்கிறார். எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை பதில்தான் சொல்ல முடியும்?

பிப்ரவரி 6, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். சோலைமலையின் மனைவி பஞ்சவர்ணம் கல்லாவில் இருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளேயிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார்.

"பழனிப் பஞ்சாமிர்தம் மேடம். உங்க பேருக்கு அர்ச்சன வச்சு வாங்கியாந்தது. ஒரு வாரமா உங்களையே காணோம்."

"பஸ்ல ரொம்பக் கூட்டமா இருந்திருக்குமே" என்றேன், ஏதாவது சொல்லவேண்டுமே என்று.

"பஸ்ஸா? அவரு நடந்துல்ல போனாரு. பொங்கல் கழிஞ்சதுலருந்து விடியக்காலம் திருப்பரங்குன்றம் வரைக்கும் நடந்து பழகிட்டு, அப்புறம் வெறுங்காலோட பழனி. கால் ரெண்டும் பொத்துப் போயித்தான் வந்தாரு."

டீ வாங்கப் போயிருந்த சோலைமலை அப்போதுதான் திரும்பி வந்தார். என் முகத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எத்தனை தடவை சொன்னேன், உடற்பயிற்சி எதுவும் கூடாதுன்னு?"

"எதுவும் செய்யலையே மேடம்."

"மதுரையிலிருந்து பழனி வரைக்கும் நடந்திருக்கீங்க."

"அது வேண்டுதல் மேடம்."

பொய் சொல்கிற முகமில்லை அது. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. ஜிம் உடற்பயிற்சி, ஓட்டம் உடற்பயிற்சி, பாதயாத்திரை எப்படி உடற்பயிற்சியாகும்? நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான். தை மாதம் முழுக்க இந்தக் கூட்டத்தைத் திட்டிக்கொண்டே பஸ்ஸில் போனவள்தான். பழனிக்குப் போகிறேன் என்று அவர் வாயால் சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை.

"தசைக்கு வேண்டுதல்லாம் தெரியாது சோலைமலை. நடந்தா நடந்ததுதான். ரெண்டு காலும் வேலை செஞ்சிருச்சு, ரெண்டும் மாறிருச்சு. என் ஆராய்ச்சி போச்சு." கத்திவிட்டேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "அப்படி என்ன வேண்டுதல், இந்த வருஷமே செய்யணும்னு?"

அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பஞ்சவர்ணம்தான் சொன்னார்.

"உங்களுக்காகத்தான் மேடம். உங்க படிப்பு இந்தத் தையோட முடியணும்னு மார்கழிக்கே மாலை போட்டாரு. ஒருநா நீங்க போன்ல பேசுனதக் கேட்டுப்புட்டு வந்து, நீங்க நல்லபடியா வீட்டுக்காரரோட போய்ச் சேரணும், வெறுங்காலோட நடந்தே வர்றேன் முருகான்னு அதையுஞ் சேத்து நேந்துக்கிட்டாரு."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. யார் கேட்டது? நான் யாரிடமாவது போய் என்னை ஓசூருக்கு அனுப்பிவையுங்கள் என்று கேட்டேனா? என் தேதியைக் கதிரேசன் குறிப்பார், என் கெடுவைக் கமிட்டி குறிக்கும், மிச்சத்தை ஜெராக்ஸ் கடைக்காரர் முருகனிடம் பேசி முடிப்பார். பஞ்சாமிர்தத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். பாதி வழியில் மனசு கேட்காமல் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டேன். அதற்கும் எரிச்சலாக வந்தது.

பிப்ரவரி 7, புதன்

என் கைடு தனராஜ் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதிகளைப் பார்த்தார்.

"ஆறு வாரம் ஜனவரி பத்தோட முடிஞ்சிருச்சேம்மா. பொங்கலுக்கு முன்னாடி. அன்னைக்கே எடுத்திருந்தா இந்த நடையெல்லாம் உன்னை ஒண்ணும் செஞ்சிருக்காதே."

"எட்டு வாரம்னா இன்னும் தெளிவா இருக்கும்னு நினைச்சேன் சார்."

"மத்த அஞ்சு பேருக்கும் ஆறு வாரத்துலதான எடுத்த?"

சாருக்கு எப்போதும் தேதியில்தான் கண். நைட்ரஜன் குறைவாக இருந்தது என்றேன். காரணத்தை எழுதி சோலைமலையை நீக்கிவிடு, இன்னொரு ஆளைப் பிடி, ஆறு மாதம் நீட்டிப்பு வாங்கித் தருகிறேன், இதுதான் கடைசி என்றார்.

வெளியே வந்ததும் மூச்சு இலகுவாக வந்தது. சார் அறையில் ஏசி ஓடவில்லை, அதனால் இருக்கும்.

பிப்ரவரி 8, வியாழன்

ஏசி காரணமில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

கதிரேசன் கூப்பிடுவதற்கு முன்னால் நானே கூப்பிட்டேன். மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். எடுத்ததும் பதறிப்போய் "என்ன ஆச்சு?" என்றார்.

ஆராய்ச்சி முடியவில்லை, இன்னும் ஆறு மாதம் ஆகும் என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"சரி விடு. வைகாசியில ஒரு நல்ல முகூர்த்தம் இருக்கு. இல்ல ஆவணிக்கு வச்சுக்கலாம். வீடு எங்க போயிரப் போகுது?"

அந்தப் பொறுமைதான் என்னை உடைத்துவிட்டது. "வைகாசியும் வேண்டாம், ஆவணியும் வேண்டாம்" என்றேன். "ஆராய்ச்சி முடிஞ்சாலும் நான் வரமாட்டேன். உங்க மேல எந்தத் தப்பும் இல்லை. எனக்கு அங்க வர மனசே இல்லை. அதைச் சொல்ல முடியாம ஆராய்ச்சி மேல பழியைப் போட்டுக்கிட்டு இருந்தேன்."

வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும் மங்கை" என்றார். "ரொம்ப நாளாத் தெரியும். நீயாச் சொல்லணும்னுதான் எப்ப முடியும் எப்ப முடியும்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

அவர் அழுதார். நானும் அழுதேன். இவ்வளவு காலத்தில் நாங்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும். தரைக்கு எந்தக் கல் போட்டீர்கள் என்று கடைசியில் கேட்டேன். நான்தான் எது வேண்டுமானாலும் என்று சொல்லியிருந்தேனே, அவருக்குப் பிடித்ததைப் போட்டுவிட்டாராம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

ஆய்வுக்குப் புது ஆள் தேடுகிறேன் என்ற விளம்பரத்தை ஜெராக்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. வேறு கடைக்கு நடந்து போகச் சோம்பலாக இருந்தது, அங்கேயே போனேன். சோலைமலை காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"ஓசூர் சார்ட்ட சொல்லிட்டீங்களா மேடம்? கோவப்பட்டாரா? வேணும்னா நான் பேசுறேன். தப்பு என்னோடதுதான்னு சொல்றேன்."

மறைத்து என்ன ஆகப்போகிறது. "நாங்க பிரியறோம் சோலைமலை" என்றேன்.

அவர் மெஷினை அணைத்துவிட்டார். ஸ்டூலை விட்டு எழுந்து நின்றார். அவர் கடை நேரத்தில் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது.

"நான் நடந்ததாலதான மேடம்? சேத்து வைக்கணும்னு போயி இப்படிப் பிரிச்சு வச்சுட்டு வந்துருக்கேனே. அந்தப் பாவத்த நான் எங்க கொண்டுபோய்க் கரைப்பேன்?"

எனக்கு வந்ததே கோபம். என் ஆராய்ச்சியைக் கெடுத்தபோதுகூட அவ்வளவு வரவில்லை.

"நிறுத்துங்க" என்றேன். "இத்தனை வருஷமா நான் ஒருத்தியா உட்கார்ந்து செஞ்ச காரியம் அது. நீங்க ஒரு நடை நடந்து செஞ்சிட்டதாச் சொல்லாதீங்க."

அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, மெஷினைப் போட்டு, எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்டார். இருபது என்றேன்.